ஒல்லாந்தக் கும்பனியும் யாழ்ப்பாணப் பட்டினமும்

யாழ்ப்பாணக் குடாநாடு 1619 ஆம் ஆண்டு தொடக்கம் 1948 ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய 328 ஆண்டுகள், மேனாட்டார் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசர் 39 ஆண்டும், ஒல்லாந்தர் 137 ஆண்டும், ஆங்கிலேயர் 152 ஆண்டும் இந்நிலத்தை ஆண்டனர். இந்நீண்ட வரலாற்றை நம் மாணாக்கர் விடைத்தாள்களில் மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுதலைக் காண்கிறோம். பறங்கியர் கோயில்களை இடித்தனர். ஒல்லாந்தர் சட்டம் தந்தனர். ஆங்கிலேயர் கல்வி தந்தனர் என்பனவே அவை. மனனஞ் செய்தற்கு இவை எளியன. ஆயினும், இவ்வாறு அடுக்கிச் சொல்லுங்கால், அழிப்பில் தொடங்கிய அந்நிய ஆட்சி படிப்படியாக அருளாக மாறிற்று என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்திற் புகுந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை, மூன்று காலங்களுள் நடுவண் நின்றதும் மிகக் குறைவாக ஆராயப்படுவதுமாகிய ஒல்லாந்தர் காலத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகக் கழகம் வல்லரசாதல்

ஒல்லாந்து சிறு நாடு. கடலைத் தடுத்து அணை கட்டி மீட்ட தாழ்நிலம் அதன் ஒரு பகுதி. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த மக்கள் தொகை 20 இலட்சத்தை எட்டவில்லை. அந்நாட்டார் ஸ்பானிய மன்னனுக்கு அடங்க மறுத்து 1568 ஆம் ஆண்டு முதல் 1648 ஆம் ஆண்டு வரை போராடினர். 1580 இல் போர்த்துக்கல் ஸ்பானிய முடியின் கீழ் வந்தமையால், கீழைத்தேச வாசனைப் பொருள்களை லிஸ்பன் துறையில் வாங்கி வடஐரோப்பாவெங்கும் விற்றுவந்த ஒல்லாந்த வணிகர்க்கு அத்துறையில் இடர் நேர்ந்தது. பொருள் விளையும் இடத்துக்கே நேரிற் செல்லுதல் வேண்டும் என்னும் எண்ணம் இதனால் எழுந்தது.

எண்ணம் எழுந்தவுடன் அவர்கள் தேடியது வழிகாட்டும் நூலையே. கோவையிற் பேராயரிடம் பணியாற்றித் திரும்பிய லின்ஸ்கோற்றன் என்னும் ஒல்லாந்தர், போர்த்துக்கீசர் மறைத்துவைத்திருந்த கடல்வழிகளையும் துறைகளையும் காற்றுக்காலங்களையும் விவரித்து 1596 இல் நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஒல்லாந்தக் கப்பல்கள் சாவகத் தீவின் பாந்தம் துறையை அடைந்தன. போர்த்துக்கீசரின் முதலுடைமையாக இருந்த கடலறிவு அச்சேறிய நாளிலேயே அவர்தம் தனியுரிமை ஆட்டங்கண்டது எனலாம்.

1602 ஆம் ஆண்டில், தம்முட் போட்டியிட்ட வணிகக் குழுக்களை இணைத்து ஒல்லாந்த கிழக்கிந்தியக் கும்பனி அமைக்கப்பட்டது. அதன் முதல் ஏறக்குறைய 64 இலட்சம் கில்டர். ஆறு நகரங்களிற் கிளைச் சபைகள் இருந்தன. தலைமைச் சபையில் 17 பேர் அமர்ந்தனர். வணிகஞ் செய்யும் உரிமையோடு கோட்டை கட்டவும், படை வைக்கவும், போர் தொடுக்கவும், கீழைத்தேச மன்னருடன் உடன்படிக்கை செய்யவும் கும்பனிக்குப் பட்டயம் அதிகாரம் வழங்கிற்று. பங்குதாரருக்கு இலாபம் ஈட்டிக் கொடுத்தற்காக ஏற்பட்ட கழகத்துக்கு அரசனுக்குரிய வாளும் கொடுக்கப்பட்டமை உலக வரலாற்றில் ஒரு புதுமை. இவ்விரண்டும் ஒருங்கு கூடியதன் விளைவு விரைவிற் புலனாயிற்று. 1619 இல் பத்தேவியா நகரம் நிறுவப்பட்டது. 1621 இல் சாதிக்காய் விளைந்த பந்தாத் தீவுகளின் குடிகள் பெரும்பாலும் கொன்றொழிக்கப்பட்டோ நாடுகடத்தப்பட்டோ போயினர். 1641 இல் மலாக்காவும் கும்பனியின் கைப்பட்டது.

பத்தேவியா எழுந்த 1619 ஆம் ஆண்டே யாழ்ப்பாண அரசு வீழ்ந்த ஆண்டு என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் தகும்.

பறங்கியர் விட்டுச் சென்றவை

போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை ஒரே அடியில் வென்றாரல்லர். 1560 இல் பதிலரசன் கொன்சுதாந்தீனு தெ பிரகன்சா நல்லூர் மீது படையெடுத்தான்; நாட்டைக் கைக்கொள்ள இயலாது மன்னாரைப் பற்றி அங்குக் கோட்டை அமைத்தான். 1591 இல் அந்திரே பூர்த்தாடு படையெடுத்து வந்து அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தம் சொற்கேட்கும் மன்னனாக அரியணை ஏற்றினான். எதிர்மன்னசிங்கன் இறந்தபின் அதிகாரத்தைக் கைப்பற்றிய சங்கிலி குமாரன் தஞ்சை நாயக்கரின் துணையை நாடினான். 1619 இல் பிலிப்பு தெ ஒலிவேரா அவனைச் சிறைப்பிடித்தான்; அவன் கோவைக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொலைத்தண்டம் பெற்றான். தஞ்சையிலிருந்து வருணகுலத்தான் தலைமையில் வந்த படையும் உள்நாட்டுக் கிளர்ச்சிகளும் தோல்வியுற்றன. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சியிடமும் நல்லூரிலிருந்து கடலோரப் பட்டினத்துக்கு மாறிற்று.

கோயில் இடிபட்டமை நம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்த செய்தி. அதனோடு போர்த்துக்கீசர் தொடங்கிய மற்றொரு செயலையும் நாம் நோக்குதல் வேண்டும். நிலங்களையும், அவற்றின் உடையாரையும், அவர் செலுத்தவேண்டிய இறையையும் தோம்பு என்னும் ஏடுகளில் எழுதத் தொடங்கினோரும் அவரே. கோயிலை இடித்தமை ஒரு சில நாட்களின் செயல். தோம்பு எழுதியதோ தலைமுறைகளைக் கட்டிய செயல். அத்தோம்பை நன்கு பயன்கொள்ள அவர்க்குக் காலம் போதவில்லை. அதனைக் கைக்கொண்டு செம்மை செய்தோர் ஒல்லாந்தர்.

1658

ஒல்லாந்தர் இலங்கைக்கு வந்தது கண்டி மன்னனின் நண்பராக. 1638 ஆம் ஆண்டு இரண்டாம் இராசசிங்கனோடு செய்த உடன்படிக்கையின்படி, போர்த்துக்கீசரைத் துரத்த ஒல்லாந்தர் உதவுதல் வேண்டும். போர்ச் செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களாற் கொடுத்தல் வேண்டும். கைப்பற்றிய கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருத்தல் மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் வாசகம், மன்னனிடமிருந்த போர்த்துக்கீசமொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. அச்சிறு வாசகத்தின் இன்மை ஒரு நாட்டின் கரையோரம் முழுவதையும் கைமாற்றிற்று. 1640 இல் காலியும், 1656 இல் கொழும்பும் வீழ்ந்தன. கொழும்புக் கோட்டை தனக்கு வரும் என எதிர்பார்த்திருந்த மன்னன் ஏமாற்றமடைந்தான். மிளகைக் கொடுத்து இஞ்சியை வாங்கிய கதையாயிற்று அவன் நிலை.

எஞ்சியிருந்த வடபகுதியைக் கைப்பற்ற 1658 இல் றைக்லோப் வான் கூன்ஸ் புறப்பட்டான். அவ்வாண்டிற் தூத்துக்குடியும் மன்னாரும் முதலில் வீழ்ந்தன. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவே கடலில் நின்ற கோட்டை குடிநீரின்மையால் அடிபணிந்தது. அதற்கு ஒல்லாந்தர் அம்மன்னீல் எனப் பெயரிட்டனர். யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகைக்குட்பட்டு யூன் மாதத்திற் சரணடைந்தது. சின்னாளில் நாகபட்டினமும் ஒல்லாந்தர் வசமாயிற்று. இவ்வூர்களை நிலப்படத்தில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பின் கும்பனியின் கருத்துப் புலப்படும். பாக்குநீரிணையின் இரு கரைகளும், முத்துச் சலாபமும், சோழமண்டலத் துணி வணிகத்தின் வாயிலும் ஒரே ஆண்டில் அதன் கைக்குள் வந்தன. சோழமண்டலத் துணி இல்லாமற் கீழைத்தீவுகளில் வாசனைப் பொருள் வாங்கல் அரிது. ஆதலின் யாழ்ப்பாணம் கும்பனிக்கு ஒரு மூலையூர் அன்று. நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி.

வெற்றி கிடைத்த சில மாதங்களுள் கோட்டையை மீட்கும் சதியொன்று வெளிப்பட்டது. ஒல்லாந்தருக்கெதிராகப் போர்த்துக்கீசரும் உள்ளூராரும் சேர்ந்து திட்டமிட்டனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பலர் கொலைத்தண்டம் பெற்றனர். பூதத்தம்பி முதலியார் அந்திராசியின் சூழ்ச்சியால் அநியாயமாக உயிரிழந்தார் என யாழ்ப்பாணத்தில் வழங்கும் கதையும், நம் ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்டுவந்த பூதத்தம்பி நாடகமும் இக்காலத்தைப் பற்றியனவே. நாடகத்திற் கூறப்படும் அனைத்தும் வரலாறாகா. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அந்நிய தளபதியைக் காட்டிலும் அவனிடம் கோள் சொல்லிய உள்ளூர் அதிகாரியையே மக்கள் கதை வெறுக்கின்றது. ஆட்சி எவ்வழியாக நடந்தது என்பதை மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்தாற் பெற்ற பயன்

இலங்கையில் ஒல்லாந்தர் பகுதி கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என்னும் மூன்று பிரிவுகளாக ஆளப்பட்டது. கறுவா விளையாத யாழ்ப்பாணத்தை அவர்கள் ஏன் பெரிதாக மதித்தனர்? இங்குக் கிடைத்த வருவாய் பலவகைப்பட்டது.

முதலாவது யானை. வன்னியர் திறையாகக் கொடுத்தனவும் காட்டிற் பிடிக்கப்பட்டனவுமாகிய யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற கடலைக் கடந்து குடாநாட்டுக்குட் கொணரப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றப்பட்டன. கோல்கொண்டா முதலிய இடங்களின் வணிகர் வந்து வாங்கினர். உயரத்தை அளந்து விலை மதிப்பது வழக்கம். இரண்டாவது சாயவேர். மணற்பாங்கான நிலத்தில் தானே வளரும் சிறு செடியின் வேர் இது. துணிக்குச் செந்நிறம் ஊட்டும். அதைத் தோண்டும் மக்கள் கும்பனிக்கே தோண்டிக் கொடுத்தல் வேண்டும். கும்பனி குறித்ததே விலை. மூன்றாவது பனை. கற்பகதரு என நாம் போற்றும் இம்மரத்தின் கைமரங்களும் சலாகைகளும் கடல் கடந்து சென்று பிற ஊர்களின் கூரைகளைத் தாங்கின. சங்கு வங்காளத்துக்கும், புகையிலை மலையாளக் கரைக்கும் சென்றன. மன்னார்க் கடலிற் சலாபம் நிகழ்ந்த ஆண்டுகளில் முத்து வருவாய் தனியே கிடைத்தது.

இவ்வணிகம் ஒல்லாந்தர் கண்டுபிடித்ததன்று. அவர் வருமுன்னரே நம் துறைகளுக்கும் தஞ்சைக் கரைக்கும் மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் இடையே தோணிகள் ஓடின. கும்பனி செய்தது, ஓடிய தோணிக்கு அனுமதிச்சீட்டு விதித்ததும், விற்ற பொருளுக்குத் தானே தனிக்கொள்வோனாய் நின்றதுமே. நெல் பற்றாத குடாநாட்டுக்கு அயற்கரை அரிசி இன்றியமையாதது. அதன் வரவும் அந்நியர் கட்டளைக்கு உட்பட்டபோது, அடுப்பெரிதலும் அரசியலாயிற்று.

வருவாய்க் கணக்கில் மற்றொரு பொருளும் உண்டு. அதைச் சொல்ல நா கூசினும் சொல்லாதிருத்தல் தகாது. அப்பொருள் மனிதர். சோழமண்டலத்திற் பஞ்சம் நேர்ந்தபோதெல்லாம் பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகள் அடிமைகளாக இங்குக் கொணரப்பட்டனர். 1694 முதல் 1696 வரையான குறுகிய காலத்தில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு இறக்கப்பட்டனர். அவ்வளவு துல்லியமாகத் தொகை தெரிவதற்குக் காரணம், தலைக்கு இவ்வளவு என்று கும்பனி தீர்வை வாங்கிக் கணக்கில் எழுதிவைத்தமையே. அவர்களை வாங்கியோர் ஒல்லாந்தர் மட்டுமல்லர். உள்ளூர் நிலவுடையாரும் வாங்கினர்.

தோம்பும் பள்ளியும்

கோட்டையிலிருந்த ஒல்லாந்தர் தொகை குடாநாட்டு மக்களோடு ஒப்பிடுங்கால் மிகச் சிறிது. அச்சிறு தொகையினர் எவ்வாறு ஆண்டனர்? பீரங்கியால் என்று விடை கூறின் அது பாதி விடையே. மற்றைப் பாதி எழுதுகோல்.

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்னும் நான்கு பகுதிகளிலும் காணித் தோம்பு புதுக்கப்பட்டது. காணியின் பெயர், அளவு, உடையவன், அங்கு நிற்கும் மரங்கள் யாவும் பதிவாயின. நிலவரி, தலைவரி என்பவற்றோடு ஊழியமும் இருந்தது. அதற்குட்பட்ட வகுப்பார் ஆண்டில் 12 நாள் கூலியின்றிக் கும்பனிக்கு வேலை செய்தல் வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் இறுத்தல் வேண்டும். இன்று நாம் காணும் ஐங்கோணக் கோட்டை இத்தகைய உழைப்பின் மேல் எழுந்ததே. கடலிலும் நிலத்திலும் வெட்டிய முருகைக்கற்களைச் சுமந்தோர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. கொத்தளங்களுக்கு ஒல்லாந்து, சீலந்து, கெல்டர்லாந்து, யூட்ரெக்ற், பிரீஸ்லாந்து என அவர்தம் நாட்டுப் பெயர்கள் வைக்கப்பட்டன. தீவுகளும் பெயர் மாறின. காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இந்நான்கும் கும்பனியின் கிளைச் சபைகள் இருந்த நகரங்களின் பெயர்கள். பங்குதாரர் நகரங்களை நம் கடலில் மிதக்கவிட்டதுபோல் இப்பெயரீடு அமைந்தது. நெடுந்தீவின் மாற்றுப்பெயர் ஒன்றே இன்றும் வழங்குகின்றது.

காணிக்குத் தோம்பு இருந்ததுபோல் ஆளுக்கும் தோம்பு இருந்தது. அதை எழுதும் இடம் பள்ளிக்கூடம். 1658 தொடக்கம் 1665 வரை இங்குப் பணியாற்றிய பல்தேயுஸ் பாதிரியார் 1672 இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, மானிப்பாய், கோப்பாய், சாவகச்சேரி முதலிய ஊர்களின் கோயிற்பள்ளிகளைப் படங்களுடன் விவரித்துள்ளார். போர்த்துக்கீசர் கட்டிய கத்தோலிக்க ஆலயங்களே பெரும்பாலும் ஒல்லாந்தர் சமயக் கூடங்களாயின. அங்கிருந்த உபாத்தியாயர் எழுத்துக் கற்பித்தார். வினாவிடை மனனஞ் செய்வித்தார். ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தார். வராத பிள்ளையின் பெற்றோரிடம் தண்டம் அறவிட உதவினார். 1690 இல் நல்லூரிற் குருத்துவக் கல்லூரியொன்றும் தொடங்கிற்று. உத்தியோகமும் விவாகப் பதிவும் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டமையால், வெளியே திருச்சபையின் பெயரும் வீட்டினுள்ளே விபூதியும் என்னும் இரட்டை வாழ்வு பல குடும்பங்களிற் பரவிற்று. சைவர் மட்டுமன்றிக் கத்தோலிக்கரும் அக்காலத்தில் ஒளித்தே வழிபட்டனர் என்பது மறத்தற்குரியதன்று.

நாம் பேசும் சொற்களும் இவ்வேறுபாட்டுக்குச் சான்று பகரும். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, பாண் என்பன பறங்கியர் வழி வந்தவை. வீட்டிலும் உணவிலும் புழங்குவன. கந்தோர், நொத்தாரிசு, பிஸ்கால், வெந்தீசு, லாச்சி என்பன ஒல்லாந்தர் வழி வந்தவை. எழுத்தும் வழக்கும் ஏலமும் அவற்றின் சூழல். முன்னவர் வீட்டுக்குள் வந்தனர். பின்னவர் ஏட்டுக்குள் வந்தனர் எனலாம்.

இடைநின்றார்

ஏடு தானே பேசாது. அதை எழுதவும் வாசிக்கவும் அதன்படி வரி தண்டவும் உள்ளூரார் வேண்டும். முதலியார், உடையார், மயோறால், கங்காணி என்னும் பதவியாளர் வழியாகவே கும்பனி குடிகளை அடைந்தது. பதவியோடு பட்டமும், பட்டத்தோடு செல்வாக்கும் வந்தன. தோம்பில் எப்பெயர் ஏறுகின்றது, எவ்வெல்லை எழுதப்படுகின்றது என்பது இவர்கள் வாய்ச்சொல்லைப் பொறுத்தது. ஆகவே தோம்பு திருத்தப்பட்ட போதெல்லாம் சிலர் காணி வளர்ந்தது. சிலர் காணி தேய்ந்தது.

1694 முதல் 1697 வரை யாழ்ப்பாணத்தின் தலைமை அதிகாரியாயிருந்து, பிற்காலத்திற் பத்தேவியாவில் மகாதேசாதிபதியாக உயர்ந்த சுவார்டகுரூன், தமக்குப்பின் வருவோர்க்கு எழுதிவைத்த நீண்ட குறிப்புரை இவ்விடயத்தில் மிக்க தெளிவைத் தருகின்றது. பதவிகள் அனைத்தும் வெள்ளாளர் கையிலே சேர்ந்துவிட்டமையைக் கண்ட அவர், அவற்றுள் ஒரு பங்கை மடப்பளியார்க்கு மாற்றினார். குடிகளிடம் கொண்ட இரக்கத்தால் மட்டும் அவ்வாறு செய்தாரல்லர். ஒரு சாரார் மிக வலுத்தல் கும்பனிக்கு நன்றன்று என்பதே அவர் கருத்து. உத்தியோகம் பெறுதற்காக நம்மவர் தம்முட் போட்டியிட, அப்போட்டியையே ஆட்சிக்கு அரணாக்கிக் கொண்டது கும்பனி. ஐங்கோணக் கோட்டையினும் இவ்வரண் வலியது.

இடைநின்றாரை முழுதும் பழித்தலும் நீதியன்று. இடிக்கப்பட்ட நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1734 இல் மீண்டும் எழுந்தது இரகுநாத மாப்பாண முதலியாரால். அவரும் ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் வகித்தவரே. அந்நூற்றாண்டின் கடைசியில் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலைக் கட்டிய வைத்திலிங்கச் செட்டியாரும் கும்பனி அதிகாரிகளின் இசைவைப் பெற்றே கட்டினார். மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றியதும் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதன்பேரிலேயே. நம் மூதாதையர் வரலாற்றை நாம் அறிதற்குரிய முதனூல்களுள் ஒன்று, ஆள வந்தவனின் வினாவுக்கு விடையாகப் பிறந்தது. பணிந்து நின்றோர் பணிவினூடே சிலவற்றைக் காத்தும் தந்தனர்.

தேசவழமை

ஒல்லாந்தர் சட்டம் தந்தனர் என்னும் வாக்கியத்துக்கு இப்போது வருவாம். தேசாதிபதி கோர்ணேலிஸ் சைமன்ஸ் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் 37 ஆண்டுகள் வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 சனவரியில் முடித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, 12 முதலியார்களால் ஆராயப்பட்டுச் சரியென ஒப்பப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துக்களும், அவற்றின் உரிமையும், அடைவும் ஒற்றியும், காணியை விற்கும்போது பங்காளிகளுக்கும் அயலாருக்கும் உள்ள முன்னுரிமையும் அதிற் கூறப்பட்டன. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் பிற்காலத் திருத்தங்களும் அதன் மேல் எழுந்தவை.

இதனால் முதலிற் புலப்படுவது, ஒல்லாந்தர் சட்டத்தை ஆக்கித் தந்தாரல்லர் என்பதே. வழக்கம் நம்முடையது, ஏடு அவருடையது. அவ்வாறாயின் அவர் செய்தது வெறும் எழுத்துவேலையா? அதுவுமன்று. வாய்வழி வாழ்ந்த வழக்கம் காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப நெகிழும். ஏட்டில் ஏறியது நெகிழாது. யாரைக் கேட்டு எழுதினர் என்பதும் வினாவத்தக்கது. ஒப்பமிட்ட பன்னிருவரும் ஆடவர், பதவியாளர், நிலவுடையார். பெண்டிரின் வாய்மொழி கேட்கப்படவில்லை. சீதனம் பெண்ணின் உடைமை என்று தேசவழமை உரைப்பது பெருமைக்குரியதே. ஆயின், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றலாகாது என்னும் தடை 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்ந்தது. பெண்டிரையுங் கேட்டு எழுதியிருப்பின் ஏடு வேறு விதமாக அமைந்திருத்தல் கூடும்.

அடிமைகளின் சொல்லும் கேட்கப்படவில்லை. தேசவழமை ஏட்டில் ஒரு பகுதி முழுவதும் அடிமைகளைப் பற்றியது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போர் அவ்வகையிற் பெயர் குறிக்கப்பட்டனர். ஊர்தோறும் வேறுபட்டும் மங்கியும் நெகிழ்ந்தும் இருந்திருக்கக்கூடிய தொண்டுமுறை, ஏட்டில் ஏறிய நாள்தொட்டு நீதிமன்றிற் காட்டத்தக்க உரிமையாயிற்று. ஆங்கிலேயர் 1844 இல் இலங்கையில் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1957 இல். இடையே 113 ஆண்டுகள். அச்சட்டம் வந்தபின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிற் போராட்டம் நிகழ்ந்தது. ஒழிக்கப்பட்ட சட்டத்தின் நிழல் எத்துணை நீண்டது என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று. அதனை எழுதியவன் அந்நியன் என்று கூறி நாம் ஒதுங்க இயலாது. ஒப்பமிட்ட கைகள் நம்முடையவை.

கும்பனியின் வீழ்ச்சி

வணிகத்தால் எழுந்த வல்லரசு வணிகத்தாலேயே நலிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிற் கோட்டைகளுக்கும் படைகளுக்கும் ஆன செலவு வருவாயை விழுங்கிற்று. ஊழியர் தம் சொந்த வணிகத்திற் கருத்தூன்றினர். வங்காளத்தையும் சோழமண்டலத்தையும் தன் பிடியிற் கொண்ட ஆங்கிலக் கும்பனி கடலில் மேலோங்கிற்று. 1780 இல் மூண்ட போரில் ஒல்லாந்தர் நாகபட்டினத்தை இழந்தனர். அக்காலத்திலும் யாழ்ப்பாணக் கோட்டையின் புறவரண் வேலை நிற்கவில்லை. அது 1792 இல் நிறைவேறிற்று. மூன்று ஆண்டு கழிந்து, பிரெஞ்சுப் படை ஒல்லாந்தினுட் புகுந்து அதன் தலைவர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த நிலையில், 1795 செப்டம்பர் 28 ஆம் நாள் ஆங்கிலத் தளபதி ஸ்ருவாட் முன் அக்கோட்டை போரின்றிச் சரணடைந்தது. நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டிய அரண் தன் எசமானரைக் காக்க ஒரு குண்டும் வெடிக்கவில்லை. 1799 முடிவிற் கும்பனியும் கலைக்கப்பட்டது.

கோட்டை கைமாறியபோது தோம்பும் தேசவழமையும் உடன் கைமாறின. ஆங்கிலேயர் சென்னையிலிருந்து வந்த வரிமுறையையும் அமில்தார்களையும் புகுத்தியபோது 1797 இல் இலங்கையிற் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதன்பின் பழைய முறைக்கும் பழைய பதவியாளருக்கும் மீண்டும் இடங்கொடுத்தனர். ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் எதிர்த்து நின்ற வன்னியர் பக்கம் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. 1803 இற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றி, அவ்வாண்டு ஒக்ரோபரிற் கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். தோம்புக்குள் அடங்காத காட்டுநிலமே நீண்டநாள் எதிர்த்தது என்பது சிந்திக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று வாக்கிய வாய்பாட்டின் குறை விளங்கும். அழித்தவர், சட்டம் தந்தவர், கல்வி தந்தவர் என மூவர் அடுத்தடுத்து வந்தனர் என்பதினும், ஒரே ஆட்சிக்கலை மூவர் கையில் முதிர்ந்தது என்பதே பொருந்தும். பறங்கியர் தொடங்கிய ஏட்டை ஒல்லாந்தர் செம்மை செய்தனர். ஒல்லாந்தர் தொகுத்த ஏட்டுக்கு ஆங்கிலேயர் வலுவூட்டினர். பள்ளியை வருகைப் பதிவேட்டுக்கும் சமயத்துக்கும் கருவியாக்கிய முறையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை 1848 இல் நிறுவியதும், பின்னர் இந்துக் கல்லூரிகள் தோன்றியதும், பள்ளி என்னும் அக்கருவியை நம்மவர் தம் கையில் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சிகளாக நோக்கும்போதே அவற்றின் முழுப் பெருமையும் விளங்கும்.

கோட்டையின் நடுவே 1706 இல் எழுந்த ஒல்லாந்த தேவாலயம் 1990 ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. மதில்கள் சிதைந்து, 2009 இன் பின் ஒரு பகுதி புதுக்கப்பட்டன. கல்லுக்கு நேரும் அழிவு கண்ணுக்குத் தெரியும். எழுத்தின் வினையோ காணி உறுதியிலும், விவாகப் பேச்சிலும், ஒருவரை ஒருவர் அளக்கும் மனத்திலும் தங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். ஆதலின், நம் மாணாக்கரைக் கோட்டையைப் பார்க்க அழைத்துச் செல்லும் ஆசிரியர், மதிலின் உயரத்தைக் கூறுவதோடு நில்லாது, கல் சுமந்தோர் யார், கணக்கெழுதியோர் யார், ஒப்பமிட்டோர் யார் என்னும் மூன்று வினாக்களையும் அங்கே எழுப்புதல் வேண்டும். வல்லரசு ஒன்று எவ்வாறு எழுந்து பரந்தது என்பதற்கு அவ்வினாக்களின் விடையிலேயே தக்க விளக்கம் கிடைக்கும்.